சென்சார் நல்லது, பிளக்தான் போயிருக்கிறது: பழைய லாரியில் சென்சார் கனெக்டரைச் சரிசெய்யும் முறை

பழைய லாரியில் கூலன்ட் டெம்பரேச்சர் ஃபால்ட் வந்தால் கை முதலில் போவது புதுச் சென்சாருக்குத்தான். மாற்றிய அன்று மீட்டர் ஒழுங்காகக் காட்டும். பத்து நாள் கழித்து அதே ஃபால்ட் கோட் திரும்ப வந்து நிற்கும். இடையில் நடந்தது இதுதான்: பழைய பிளக்கைக் கழற்றிப் புதுச் சென்சாரில் குத்தும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்திருந்த கறுப்புப் படலம் தேய்ந்து, கொஞ்ச நாளைக்குத் தொடர்பு கிடைத்தது. எஞ்சின் அதிர்வில் படலம் மறுபடி வளர்ந்ததும் பழைய கதைதான். பல வருடம் ஓடிய வண்டியில் சென்சார் கோளாறு என்று வருவதில் கணிசமான பங்கு சென்சாருக்கு வெளியே, பிளக்கிலும் அதற்குப் பின்னால் ஒரு சாண் நீள வயரிலும் இருக்கிறது.

சென்சார் கனெக்டருக்கு மூன்று வேலை. உலோகம் உலோகத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீரும் ஆயிலும் உள்ளே வரக் கூடாது. வயரில் ஏற்படும் இழுப்பும் ஆட்டமும் பின்னை வந்து சேரக் கூடாது. ரிப்பேர் செய்பவர்கள் பலர் முதல் வேலையை மட்டும் முடித்து, மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுகிறார்கள். மற்ற இரண்டையும் கவனிக்காத ரிப்பேர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

கோட் என்ன சொல்கிறது

ஜே1939 (வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் முறை) உள்ள லாரிகளில் கோட் இரண்டு எண்களாக வரும். எஸ்பிஎன் எந்தச் சென்சார் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 110 கூலன்ட் டெம்பரேச்சர், 100 எஞ்சின் ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்று) பிரஷர், 190 எஞ்சின் வேகம். எஃப்எம்ஐ 3 வந்தால் வோல்டேஜ் இருக்க வேண்டியதற்கு மேலே, 4 வந்தால் கீழே, 2 வந்தால் சிக்னல் தாறுமாறு. இரண்டு வயர் டெம்பரேச்சர் சென்சாரில் 3 என்பது பெரும்பாலும் வயர் அறுந்திருப்பதையும், 4 என்பது சிக்னல் வயர் எர்த்தைத் தொடுவதையும் குறிக்கும். 2 வந்தால் லூஸ் கான்டாக்ட்டைத் தேடுங்கள். ஒரே சென்சாருக்கு ஒரு நாள் 3, மறுநாள் 4 என்று மாறி மாறி வந்தால் சென்சாரை விட்டுவிட்டு ஹார்னஸ் (வயர்க்கட்டு) எங்கே உரசுகிறது என்று பாருங்கள்.

டெம்பரேச்சர் சென்சாருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி இக்னிஷனை ஆன் செய்தால் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரியை ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். பிறகு பிளக்கின் இரண்டு டெர்மினல்களையும் (உள்ளே உள்ள உலோக முனைகள்) ஒரு துண்டு வயரால் இணைத்தால் காட்டும் அளவு மேல் எல்லைக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) முதல் பிளக் வரை வயர் சரி. சென்சாரையோ பிளக் டெர்மினலின் பிடிப்பையோ பார்க்க வேண்டும். சென்சாரைத் தனியாக அளந்தால், பரவலாகப் பயன்படும் ஒரு வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும் 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். நடுவில் எங்கும் குதிக்கக் கூடாது.

மூன்று வயர் பிரஷர் சென்சாரில் இந்த இணைப்பு வித்தையைச் செய்யவே செய்யாதீர்கள். அங்கே 5 வோல்ட் சப்ளை, சிக்னல், எர்த் என்று மூன்று இருக்கும். பிளக்கைக் கழற்றி இக்னிஷன் ஆன் செய்து அளந்தால் சப்ளையில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 5 வோல்ட் லைன் பெரும்பாலும் பல சென்சார்களுக்குப் பொதுவானது. பூஸ்ட், ஆயில், ரெயில் (டீசல் பொதுக் குழாய்) பிரஷர் என்று மூன்று நான்கு கோட் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால், அந்தப் பொது லைன் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு சென்சார் பிளக்காகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தச் சென்சார்தான் இழுத்து வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் பெரும்பாலும் ஹார்னஸில் ஷார்ட்.

மல்டிமீட்டர் முனையை டெர்மினலுக்குள் திணிப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய சேதம். பெண் டெர்மினலின் உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் நாக்கு ஒரு முறை விரிந்தால் தானாக மீளாது. கோளாறைத் தேடப் போனவரே கோளாறை உண்டாக்கிவிடுவார். அதே அளவுள்ள ஆண் பின்னை ஒரு துண்டு வயரில் கிரிம்ப் செய்து (டூலால் அழுத்தி வயரோடு பிடிக்கவைத்து) வைத்துக்கொண்டு, அதைச் செருகி அளக்க வேண்டும். வயரின் தோலில் ஊசி குத்தி அளப்பதும் கூடாது; அந்த ஊசித் துளை வழியாக ஈரம் இறங்கி, சில மாதங்களில் உள்ளே செம்பு பொடியாகிவிடும். ஈசியு லைனில் டெஸ்ட் லாம்ப் வைப்பதும் ஆபத்து.

அந்த ஆண் பின்னுக்கு இன்னொரு பயன் உண்டு. ஒவ்வொரு டெர்மினலிலும் அதைச் செருகி மெதுவாக வெளியே இழுங்கள். கையில் ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். ஒரு டெர்மினல் இறுக்கமாகவும் பக்கத்தில் இருப்பது வழுக்கிக்கொண்டும் வந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் அந்த இரண்டாவது டெர்மினல் போய்விட்டது.

வயரைக் கையால் படிப்பது

ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மல்டிமீட்டர் பீப் அடிக்கும். சென்சார் லைனில் ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கில் இருப்பதால் அந்த ஒற்றை இழையே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும், அதிர்வு அதையும் விட்டுவைக்கும்வரை. இதைக் கண்டுபிடிக்க விரல்தான் நல்ல கருவி. பிளக்கிலிருந்து பின்னோக்கி இரண்டு விரல்களுக்கு இடையில் வயரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வாருங்கள். செம்பு முழுசாக இருக்கும் இடத்தில் வயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்து தோல் மட்டும் இருக்கும் இடத்தில் ரப்பர் பேண்ட் போல நீளும், விட்டால் சுருங்கும். பிளக்கின் ரப்பர் சீலுக்குப் பின்னால் முதல் 30 மி.மீ. நீளத்தில்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் வயர் ஆடும்போது மடிவது அங்கேதான்.

களிம்பு ஏறிய வயருக்கு வேறு சோதனை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியு பக்கப் பிளக்கையும் சென்சார் பக்கப் பிளக்கையும் விடுவித்து, அந்த ஒற்றை வயரை இரண்டு பக்கமும் தனிமைப்படுத்துங்கள். பிறகு வெளியிலிருந்து பேட்டரி கொடுத்து, வண்டியின் வோல்டேஜுக்கு ஏற்ற 5 வாட் பல்ப்பை அந்த வயர் வழியாக எரியவிடுங்கள். ஓம் மீட்டரில் தப்பித்த வயர் இங்கே மங்கலாக எரிந்து மாட்டிக்கொள்ளும். ஈசியு பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்தால் ஈசியுவே போய்விடும். ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது

முதலில் சுத்தம். பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி, காற்று அடித்துவிட்டுத்தான் லாக்கில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றிய கணத்தில் மண் உள்ளே விழும். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் குளிர்ந்த நிலையில் கண்ணாடி மாதிரி உடையும். ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றிவிட்டு லாக்கை அழுத்தினால் நாக்கு வளைந்து கொடுக்கும். இந்த இரண்டு நிமிடப் பொறுமை பல பிளக்குகளைக் காப்பாற்றும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுங்கள். பயனெட் வகையாக இருந்தால் வளையத்தைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் வரும்.

வயரை வெளியே எடுப்பதற்கு முன் போட்டோ எடுத்து, எந்தத் துளையில் எந்த வயர் என்று எழுதிவையுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பழைய வயரில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். சில லாரிகளில் எல்லா வயரும் ஒரே நிறத்தில் இருந்து எண் மட்டும் அச்சடித்திருக்கும். துளை எண் பிளக்கிலேயே சின்னதாக வார்க்கப்பட்டிருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் இடது பக்கத்தில் இருக்கும் துளை, வயர் பக்கமிருந்து பார்த்தால் வலது பக்கம் போய்விடும். மூன்று வயர் சென்சாரில் சப்ளையும் எர்த்தும் இடம் மாறிப்போவது இந்தக் குழப்பத்தால்தான். எஞ்சின் வேகத்தை அளக்கும் காயில் வகை க்ராங்க் சென்சாரில் இரண்டு வயரும் ஒன்றுதானே என்று தோன்றும். மாற்றிப் போட்டால் சிக்னலின் அலை தலைகீழாகி, ஈசியு சென்சார் பார்க்கும் சக்கரத்துப் பல்லின் இடத்தைத் தப்பாகக் கணக்கிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது டைமிங் பிசகி ஓடும்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை நிறம் தண்ணீர் வந்ததைச் சொல்கிறது. தகரப் பூச்சுள்ள பின்னில் கறுப்புப் பொடி இருந்தால் பின்கள் அதிர்வில் நுண்ணளவாக உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. அங்கே பிடிப்பு போயிருக்கும் அல்லது வயர் ஆடிக்கொண்டிருக்கும். உடல் ஒரு பக்கம் மட்டும் பழுத்து உருகியிருந்தால் அந்தப் பக்கத்தில் வெப்பக் கவசம் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே ஆயில் நின்றால் விஷயம் கொஞ்சம் பெரியது. ஆயில் பிரஷர் சென்சார் உள்ளுக்குள் கசிந்து, அந்த ஆயில் செம்பு இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் ஏறுவது போல ஏறி, ஹார்னஸ் முழுக்கப் பயணம் செய்து ஈசியு பிளக் வரை போய்ச் சேரும். இந்த நிலையில் சென்சாரையும் மாற்ற வேண்டும், ஈசியு பக்கப் பிளக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.

எதை மாற்றுவது

பிளாஸ்டிக் உடலும் லாக்கும் நன்றாக இருந்து டெர்மினல் மட்டும் போயிருந்தால், புது டெர்மினல், புது சீல் போட்டு அதே உடலைப் பயன்படுத்தலாம். உடல் போயிருந்தால் உடல், டெர்மினல், சீல், லாக் நான்கையும் புதிதாக வாங்குங்கள். வயருடன் வரும் ரெடிமேட் பிக்டெயில் வாங்குவது சுலபம்தான், ஆனால் வயருக்கு ஒரு ஜாயின்ட் கூடுகிறது. பழைய வயர் போதிய நீளம் இருந்தால் நேரடியாகப் புது டெர்மினல் அடிப்பதே மேல். களிம்பு உள்ளே ஓடி, வெட்டினால் வயர் குட்டையாகிவிடும் என்றால் பிக்டெயிலுக்குப் போகலாம்.

எதுவரை வெட்டுவது? தோலைச் சீவியதும் செம்பு புதுக் காசு மாதிரி மின்ன வேண்டும். கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் 20 மி.மீ. வெட்டுங்கள், மறுபடி சீவுங்கள். வெளியே தோல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஒரு சாண் தூரம் கறுத்திருக்கும் வயர்கள் உண்டு. கறுத்த செம்பைச் சுரண்டி மேலே கிரிம்ப் அடிப்பது பயன் தராது. இழைகளின் நடுவில் இருக்கும் களிம்பைச் சுரண்ட முடியாது.

சேர்க்கும் வயர் பழையதன் அளவிலேயே இருக்கட்டும். சென்சார் லைனுக்குப் பொதுவாக 0.5 முதல் 1 சதுர மி.மீ. வரை இருக்கும். எஞ்சின் மேல் போகும் வயருக்கு 125 டிகிரி தாங்கும் கிராஸ்லிங்க்டு தோல் வேண்டும். வீட்டு வயரிங் மிச்சத்தை எடுத்துப் போடுவது கூடாது. அதன் பிவிசி தோல் எஞ்சின் சூட்டில் முதலில் இளகி, பிறகு வறண்டு வெடித்துவிடும்.

கவனிக்காமல் விடப்படும் இன்னொரு அளவு, தோலோடு சேர்ந்த வயரின் வெளி விட்டம். டாய்ட்ச் டிடி என்ற பிளக் வகையில், வயர் நுழையும் பின்பக்கத்துச் சாதாரண ரப்பர் சீல் சுமார் 2.2 முதல் 3.7 மி.மீ. விட்டமுள்ள வயருக்குச் செய்யப்பட்டது. மெல்லிய தோலுள்ள 0.5 சதுர மி.மீ. வயரை அதில் நுழைத்தால் சீலின் உதடு வயரைத் தொடக்கூடத் தொடாது. தண்ணீருக்கு வாசல் திறந்தே இருக்கும். மெல்லிய வயருக்கென்று தனி சீல் உள்ள உடல் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வயர் போகாத காலித் துளைகளுக்கு அடைப்புப் பின் கட்டாயம். ஒரு காலித் துளை முழுப் பிளக்கையும் நனைத்துவிடும்.

கிரிம்ப்: வேலையின் உயிர் இங்கேதான்

டாய்ட்ச் டிடி வகையின் உருளை டெர்மினலுக்கு 6.5 முதல் 7.5 மி.மீ. வரை சீவ வேண்டும். ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது; வெட்டுப்பட்டால் திரும்ப வெட்டிச் சீவுங்கள். 16 முதல் 20 கேஜ் வயருக்கு ஒரு டெர்மினல், 14 கேஜுக்கு வேறு டெர்மினல் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன்). பார்க்க ஒன்று போலிருக்கும். பெரிய துளை உள்ளதில் மெல்லிய வயரை நுழைத்து அடித்தால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. நான்கு பக்கமும் குத்தும் கிரிம்பிங் டூல்தான் இதற்கு. டெர்மினலின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் செம்பு தெரிந்தால்தான் வயர் அடிவரை போயிருக்கிறது என்று பொருள். டெர்மினல் விளிம்புக்கும் வயர் தோலுக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. வெற்றுச் செம்பு தெரியலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தகட்டை மடித்துச் செய்த டெர்மினல் வேறு விதம். அதில் இரண்டு ஜோடி இறக்கைகள். முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி தோலையோ ரப்பர் சீலின் கழுத்தையோ பிடிக்கும். சீலை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும்; கிரிம்ப் அடித்த பிறகு நினைவு வந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. நன்றாக அடித்த கிரிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முன் இறக்கைகள் இரண்டும் உள்பக்கமாகச் சுருண்டு செம்புக்குள் இறங்கியிருக்கும், முனைப் பக்கமிருந்து பார்த்தால் ஆங்கில B எழுத்து படுத்துக் கிடப்பது போல. அவற்றுக்கு முன்னால் செம்பு முனை 0.5 முதல் 1 மி.மீ. எட்டிப் பார்க்கும். இரண்டு ஜோடிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் செம்பும் தோலின் விளிம்பும் சேர்ந்து தெரியும். செம்பைப் பிடித்த பகுதியின் பின் விளிம்பு குழலின் வாய் போல லேசாக விரிந்திருக்கும். அந்த விரிவு இல்லாவிட்டால் தகட்டின் கூர் விளிம்பு அதிர்வில் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் உருண்டை இழைகள் ஒன்றையொன்று நெருக்கித் தேன்கூட்டு அறை வடிவத்துக்கு வந்து, நடுவே காற்றுக்கு இடமே இல்லாமல் இருக்கும். காற்று இல்லாததால் களிம்பும் ஏறாது. பிளையரால் நசுக்கிய டெர்மினலில் இந்த நெருக்கம் கிடைப்பதே இல்லை. வெளியே சப்பையாகவும் உள்ளே இடைவெளியாகவும் இருக்கும்.

அடித்ததும் இழுத்துப் பாருங்கள். சரியான கிரிம்ப் 5 கிலோ இழுப்புக்கு அசையாது. கழன்றால் இப்போதே கழலட்டும்.

ஈயம் வைப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எஞ்சின் ஹார்னஸில் வேண்டாம் என்பதே இங்கே பரிந்துரை. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறித் தோலுக்கு அடியில் பல மி.மீ. தூரம் போய், அந்தப் பகுதியை ஒரு குச்சியாக்கிவிடுகிறது. குச்சி முடிந்து வயர் தொடங்கும் விளிம்பில் ஆட்டம் முழுவதும் குவிந்து, அங்கே உள்ளுக்குள் அறுந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. வேறு வழியே இல்லை என்றால் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் பயன்படுத்தி, ஜாயின்ட்டின் இரு பக்கமும் வயர் வளையாதபடி கட்டிவிடுங்கள். ஆசிட் ஃப்ளக்ஸைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். மோசமான கிரிம்பின் மேல் ஈயம் ஊற்றுவதும் அதைச் சரிசெய்யாது.

டெர்மினலைச் செருகுவது

தள்ள வேண்டும், கிளிக் கேட்க வேண்டும், மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒவ்வொரு வயருக்கும். வெதர் பேக் போன்ற பிளக் வகைகளில் வயர் பக்கமிருந்து உள்ளே தள்ளுவோம். மெட்ரி-பேக் 150 வகையில் சிலது தலைகீழ்: வயரைப் பின்னிருந்து உடல் வழியாக முன்னே கொண்டுவந்து, அங்கே டெர்மினலை அடித்து, பிறகு பின்னோக்கி இழுத்து உட்கார வைக்க வேண்டும். முதலில் டெர்மினல் அடித்துவிட்டால் அது எந்தப் பக்கமும் நுழையாது. உடலைக் கையில் எடுத்ததும் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, டெர்மினல்களை நகராமல் பிடிக்கும் ஆப்பு லாக். அது முழுசாக உட்காரவில்லை என்றால் ஏதோ ஒரு டெர்மினல் உள்ளே போகவில்லை. ஆப்பைத் தட்டி இறக்காதீர்கள், டெர்மினலைத் தேடுங்கள்.

சிலிகான் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் ரப்பர் சீலின் உதட்டுக்கு மட்டும், விரல் நுனியில் பளபளப்புத் தெரியும் அளவுக்கு. பிளக் நிறைய அடைத்தால் கிரீஸுக்குப் போக இடமில்லாமல் பிளக்கைப் பின்னுக்குத் தள்ளும், லாக் பாதியில் நிற்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பேஸ்ட்டைப் பிளக்குக்குப் பின்னால் பூசுவது பல இடங்களில் நடக்கிறது. அந்த வாடையே அசிட்டிக் ஆசிட்தான், செம்பைத் தின்றுவிடும். அடைத்தது போலத் தோன்றும், உள்ளே அரிப்பு நடக்கும். சென்சார் பக்கப் பின்களை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பூச்சு போனால் மறுபடி கறுக்கும். கான்டாக்ட் கிளீனரும் நைலான் பிரஷ்ஷும் போதும். பின்னில் குழி விழுந்திருந்தால் சென்சாரையும் சேர்த்து மாற்றுங்கள். தகரப் பூச்சுப் பின்னுக்குத் தகரப் பூச்சு டெர்மினல், தங்கப் பூச்சுக்குத் தங்கப் பூச்சு. கலந்து போட்டால் தகரம் சீக்கிரம் கறுக்கும்.

ஜாயின்ட் போட வேண்டி வந்தால்

மூன்று வயரையும் ஒரே இடத்தில் இணைத்தால் ஹார்னஸ் அங்கே முடிச்சு மாதிரிப் புடைத்து, ட்யூபுக்குள் உரசி, ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். 40 முதல் 50 மி.மீ. தள்ளித் தள்ளி வெட்டுங்கள். சூட்டில் சுருங்கும் ஸ்லீவை (ஹீட் ஷ்ரிங்க்) வயரில் கோப்பது முதலில், கிரிம்ப் பிறகு. உள்ளே பசை உள்ள, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் வேண்டும். ஜாயின்ட்டின் இரு பக்கமும் தோலின் மேல் குறைந்தது 12 மி.மீ. ஏறி நிற்கும் நீளத்தில் வெட்டுங்கள். லைட்டர் நெருப்பு ஒரு பக்கம் கருக்கி மறு பக்கம் பச்சையாக விடும்; ஹாட் ஏர் கன்னால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடேற்றி, இரு முனையிலும் பசை மோதிரம் போல வெளியே வரும்வரை காத்திருங்கள். ஆறுவதற்கு முன் வளைக்கக் கூடாது. ஜாயின்ட் நேராகப் போகும் இடத்தில், பிளக்கிலிருந்து குறைந்தது 100 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். மடியும் இடத்திலும் ஹார்னஸ் கிளை பிரியும் இடத்திலும் வேண்டாம்.

க்ராங்க் சென்சார் வயர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் புதிய துண்டையும் அதே நெருக்கத்தில் முறுக்குங்கள். பிளக் பக்கம் 50 மி.மீ. அளவுக்குள் மட்டும் நேராக விடலாம். ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) இருந்தால் அதையும் தொடர்ந்து இணைக்க வேண்டும், ஆனால் சென்சார் முனையில் எர்த் செய்யக் கூடாது. பொதுவாக ஒரு பக்கம் மட்டும், ஈசியு பக்கத்தில்தான் அது எர்த் ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் எர்த் ஆனால் ஷீல்டே கரண்ட் ஓடும் பாதையாகி, ஸ்டார்ட்டர் ஓடும்போது சிக்னலில் இரைச்சல் ஏறும்.

வயரைக் கொண்டுபோகும் வழி

பிளக்கிலிருந்து 100 முதல் 150 மி.மீ. தூரத்துக்குள் முதல் கிளாம்ப் வர வேண்டும். அதுவும் சென்சார் எதில் பொருத்தியிருக்கிறதோ அதே பாகத்தில். எஞ்சினில் உள்ள சென்சாரின் வயரைச் சேஸிஸில் கட்டினால், எஞ்சின் மவுண்டில் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் பிளக்கை இழுக்கும். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தாண்டும் இடத்தில் தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். பல வண்டிகளில் பிளக் போனதற்குக் காரணமே, முன்பு ஏதோ ஒரு வேலையின்போது கழற்றிய கிளாம்பை யாரும் திரும்பப் போடாததுதான். அந்தக் கிளாம்பைப் போடாமல் எவ்வளவு நல்ல பிளக் மாட்டினாலும் அதுவும் போகும்.

வயர் பிளக்கை விட்டு முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த அடிவளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு வராது. வயரை மூடும் கொருகேட்டட் (மடிப்பு) ட்யூபின் கீறல் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். முனைகளைத் துணி டேப்பால் சுற்றுங்கள். சாதாரண பிவிசி டேப் சூட்டில் பசை வழிந்து, மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும். கேபிள் டை இறுக்கிய பிறகும் ஹார்னஸைக் கையால் லேசாகத் திருப்ப முடிய வேண்டும். டீசல் இன்ஜெக்டர் பைப்பிலும் ஸ்டார்ட்டர் கேபிளிலும் கட்ட வேண்டாம். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் போயே ஆக வேண்டும் என்றால் வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட்டு, முடிந்தவரை விலக்கிக் கட்டுங்கள்.

முடித்த பிறகு

ஃபால்ட் கோட்களை அழிப்பதற்கு முன் ஸ்கேனரில் நேரடி அளவுகளைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், இன்டேக் காற்று, டீசல் டெம்பரேச்சர் மூன்றும் ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கும். ஒன்று மட்டும் பத்து டிகிரி விலகி நின்றால் அந்த லைனில் இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போது ஆயில் பிரஷர் பூஜ்யம் காட்ட வேண்டும், 0.5 முதல் 4.5 வோல்ட் வரை வேலை செய்யும் வகையில் சிக்னல் 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் வகையானால் கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோ பாஸ்கல்.

ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, ஹார்னஸை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு நிமிடம் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளக் கூடாது. முழுச் சூடு ஏறியதும் இதையே திரும்பச் செய்யுங்கள், விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கிக்கொண்டு. குளிரில் தொட்டுக்கொண்டிருந்த முனைகள் உலோகம் விரிந்த பிறகுதான் விலகும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பார்த்து வண்டியை விட்டால் அது சுமையோடு ஏற்றத்தில் நின்றுவிடும்.

வழியில் லாக் உடைந்துவிட்டால் பிளக்கையும் சென்சாரையும் சேர்த்து ஒரு கேபிள் டை போட்டு ஒர்க் ஷாப் வரை கொண்டுவரலாம். ஆனால் கூலன்ட் சென்சார் பிளக்கில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி ஈசியுவுக்கு எப்போதும் 85 டிகிரி என்று காட்டும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ரேடியேட்டர் குழாய் வெடித்தாலும் அந்த எண் 85 டிகிரியிலேயே நிற்கும். ஈசியு பவரைக் குறைக்காது, எச்சரிக்கை விளக்கு எரியாது, சென்சாரை நம்பி ஓடும் விசிறி என்றால் அதுவும் வேகம் எடுக்காது. ஹெட் வளைந்து புகை வந்த பிறகுதான் டிரைவருக்கே தெரியும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை பாருங்கள், பிளக்கைத் திறக்காமல். தகரப் பூச்சுள்ள டெர்மினல்கள் பெரும்பாலும் பத்துத் தடவைக்கு மேல் கழற்றி மாட்டுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் தேயும். லாக் உட்கார்ந்திருக்கிறதா, கிளாம்ப் நகர்ந்திருக்கிறதா, ட்யூப் எங்காவது பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேய்ந்த இடம் தெரிந்தால், வயரை அங்கிருந்து இரண்டு விரல் அகலம் விலக்கிக் கட்டுங்கள்.